"அதை விடுங்கள்" என்று எழுதிய அந்த ஒரு வரி

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 44 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், கணவர் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார், ஒரே மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு எந்த நல்ல பழக்கமும் நிலைப்பதில்லை. இதுதான் என் பிரச்சினை. கேட்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் ராத்திரி படுக்கும்போது நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பது இதுதான்.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், இந்த வருஷம் தினமும் நாலரை மணிக்கு எழுந்து ஜெபிப்பேன், ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடிப்பேன் என்று தீர்மானம் எடுப்பேன். வாசிப்பு அட்டவணையை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. படித்த நாளுக்கு நீல மையில் டிக், தவறிய நாளுக்குச் சிவப்பு வட்டம். ஆதியாகமம், யாத்திராகமம் ஓடிவிடும். லேவியராகமத்தில் அந்தக் குஷ்டரோகப் பிரமாணங்கள் வரும்போது கண் சொக்கும். தவறியதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பதினொரு அதிகாரம் படித்து ஈடுகட்டப் பார்ப்பேன், ஒன்றும் மனதில் நிற்காது. இந்த வருஷம் இதுவரை 19 சிவப்பு வட்டம்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை ஐந்தரைக்குள் எல்லாரும் "முடித்தாயிற்று" என்று போட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் எடுத்தவர்கள்கூடப் போடுகிறார்கள். நான் ஏழு மணிக்கு தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு அதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும்?

வீட்டிலும் ஒத்துழைப்பு இல்லை அக்கா. குடும்ப ஜெபத்துக்குக் கணவரை எழுப்பினால், "நீ எனக்காகவும் சேர்த்து ஜெபம் பண்ணு, என்னைத் தூங்க விடு" என்பார். எங்கள் அப்பா அப்படி இல்லை, நாங்கள் ஆறு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடாமல் அடுப்பே பற்றவைக்க மாட்டோம். இவர் கோவிலுக்கு வருவார், காணிக்கை போடுவார், அதோடு சரி. நான் ஒருத்தி மட்டும் இந்த வீட்டைத் தாங்குகிற மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பைக்கில் மணல் சறுக்கி விழுந்து காலில் பிளேட் வைத்தார்கள், அன்றைக்கு ஒருநாள்தான் நான் எழுந்திருக்கவில்லை, முந்தின ராத்திரி ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு மணிக்கு வந்தோம், அதை விடுங்கள். அதற்கப்புறமாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

மகள் பரவாயில்லை, பக்தியுள்ள பிள்ளை. பரீட்சை நாளில் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "அம்மா, காலையில ஜெபம் பண்ணிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அலாரத்தை வேறு அறையில் வைத்துப் பார்த்தேன். நன்றி நோட்டு எழுதிப் பார்த்தேன், ஒன்பது நாள் ஓடியது. செயலியில் 41 நாள் தொடர்ச்சியாக வந்து ஒரு காய்ச்சலில் அறுந்தது, அன்று நான் அழுதுவிட்டேன். பழக்கத்தை விடாமல் பிடிக்க ஏதாவது வழி சொல்லுங்கள். எனக்கு ஏன் மன உறுதியே இல்லை?

இப்படிக்கு,
உங்கள் சகோதரி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அலாரம், அட்டவணை, வாட்ஸ்அப் குழு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஆனால் மூன்றாவது முறை படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். "அன்றைக்கு ஒருநாள்தான் நான் எழுந்திருக்கவில்லை... அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால் அதை விட முடியவில்லை. நீங்களும் இரண்டு வருஷமாக அதை விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மன உறுதி இல்லாதவர் என்று உங்களை யார் சொன்னது? வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்து, ஒரு வருஷம் தோற்றால் அடுத்த டிசம்பரில் மறுபடி தீர்மானம் எடுக்கிறவருக்கா உறுதி இல்லை? உங்களிடம் இருப்பது பயம். நான் தூங்கினேன், அவர் விழுந்தார். இந்த இரண்டையும் மனசு ஒரு நூலால் கட்டிவிட்டது. அன்றிலிருந்து ஜெபம் என்பது கணவரையும் மகளையும் காக்கிற காவல் வேலை ஆகிவிட்டது, ஒருநாள் கண் அசந்தால் வீட்டுக்குள் எதுவோ புகுந்துவிடும் என்று. 41 நாள் அறுந்ததற்கு ஒரு பெரிய மனுஷி அழுதாரென்றால், அந்த அழுகை செயலியில் இருக்கும் எண்ணுக்காக இல்லை, தங்கச்சி. அன்று சாயங்காலம் அவருடைய பைக் சத்தம் கேட்கும்வரை நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், கணக்காகவே சொல்கிறேன். இந்த வருஷம் 19 சிவப்பு வட்டம் என்கிறீர்கள். அந்த 19 நாளும் அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினாரே, அது ஏன் கணக்கில் வரவில்லை? பயந்த மனசு இப்படித்தான் பேரேடு எழுதும், ஒரே ஒரு பற்றை எழுதிக்கொண்டு வரவை எல்லாம் விட்டுவிடும். அவரை விழவைத்தது சாலையில் கொட்டிக் கிடந்த மணல். நீங்கள் தூங்கியது உடம்பு அசந்து போனதால்.

இது உங்கள் விசுவாசத்துக்குப் புதிய கேள்வியும் இல்லை. யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டது இதைத்தானே, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று? இரண்டும் இல்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார். அதை நீங்கள் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். ஊராருக்கு அந்தப் பதிலைச் சொல்லவும் செய்வீர்கள். உங்கள் வீட்டு விஷயத்தில் மட்டும் சீஷர்களின் கேள்வியிலேயே நின்றுவிட்டீர்கள்.

அடுத்து ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் வலிக்கும். உங்கள் மகள் ஷூ மாட்டிக்கொண்டே கேட்கிற கேள்வியைப் பக்தி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பக்தியைவிடப் பயம்தான் அதிகமாகக் கேட்கிறது. "நான் ஜெபம் பண்ணிட்டேன்" என்று அவள் சொல்லவில்லை, "நீங்க பண்ணிட்டீங்கல்ல?" என்று கேட்கிறாள். அம்மா தவறினால் தனக்குப் பரீட்சை கெட்டுப்போகும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவப்பு வட்டம் போட்ட நாட்களில் உங்கள் முகத்தைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டிருப்பாள். இதை இப்போது நிறுத்தாவிட்டால் இருபது வருஷம் கழித்து அவள் வீட்டு பீரோ கதவிலும் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும்.

கணவர் விஷயத்தில் நான் அவர் பக்கம். காலில் பிளேட்டோடு நாள் முழுக்கக் கடையில் நிற்கிற மனிதர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்க விடு என்கிறார். அதைப் போய் "அதற்கப்புறமாவது புரிந்திருக்க வேண்டாமா" என்று எழுதுகிறீர்கள். அவர் எதைப் புரிந்துகொள்ள வேண்டும்? நீங்கள் இத்தனை நாளாக உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருப்பது அவருக்குத் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. சொல்லாமலே, அவரும் எழுந்து வந்து உங்களோடு காவல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்பாவின் வீட்டில் ஆறு பேரும் பாய் விரித்து உட்கார்ந்தது அழகான நினைவுதான், ஆனால் அங்கே யாரும் விபத்தைத் தடுப்பதற்காகப் பாடவில்லை.

பழக்கத்துக்கு வழி கேட்டீர்கள், அதையும் சொல்கிறேன். லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் 96 பேரை எடுத்து, ஒரு சின்ன தினசரிப் பழக்கம் எப்போது தானாக வர ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். பாதிப்பேருக்கு 66 நாள் வரை, சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதுதான் அதில் உங்களுக்கான செய்தி. உங்கள் காய்ச்சல் 41 நாளை அழித்துவிடவில்லை, செயலிதான் அழித்தது. அதை போனிலிருந்து எடுத்துவிடுங்கள், அட்டவணையையும் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு அதிகாரம் படித்து ஈடுகட்டுவதாக எழுதியதும் எனக்கு வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவுதான் நினைவுக்கு வந்தது. விடியற்காலம் வரை மீதி வைத்தது புழு பிடித்து நாறியது என்று யாத்திராகமம் 16இல் இருக்கிறதே. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு. நேற்றைய பாக்கி என்று ஒன்று அதில் கிடையாது. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கும்வரை நின்றபடியே ஒரு சங்கீதத்தில் இரண்டு வசனம் படியுங்கள். 117ஆம் சங்கீதம் மொத்தமே இரண்டு வசனம்தான், அதில் தொடங்கலாம். பால் பொங்கியதும் வேதாகமத்தை மூடிவிடுங்கள், ஆர்வம் இருந்தாலும் அன்றைக்குப் போதும். வீட்டில் பால் வைக்காத நாள் உண்டா? அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்ன எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டவரை யாரும் திட்டவில்லை. நீங்களும் ஐந்தரை வரை தூங்குங்கள்.

ஒரு கஷ்டமான பயிற்சியும் தருகிறேன். வருகிற சனிக்கிழமை அலாரம் வைக்காமல் படுங்கள். காலையில் எதுவும் படிக்காமல், மகளிடம் "இன்னைக்கு அம்மா தூங்கிட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மனசு படபடக்கும், ஜெபித்து அதை அடக்க அவசரப்படாமல் அந்தப் படபடப்போடு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். ஜெபத்தை விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்துக்காகச் செய்கிற ஜெபத்தை மட்டும் ஒருநாள் நிறுத்தச் சொல்கிறேன். படபடப்பு தாங்க முடியாமல் போனாலோ, தவறிவிட்டோமோ என்ற எண்ணம் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து வேலையைக் கெடுத்தாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கிற ஓசிடி என்ற மனநலப் பிரச்சினை பக்தியின் வேஷத்திலும் வரும், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருத்துவரிடம் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று ராத்திரி கடையிலிருந்து அவர் வந்து சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க விழுந்த அன்னைக்கு நான் ஜெபம் பண்ணலைங்க, அதனாலதான்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவரைப் பேச விடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா