கமுதி வெயிலும் கார்மைக்கேல் கரியும்

அன்புள்ள ஐயா,

நான் பரமக்குடிக்காரன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. பணிக்கொடையில் பாதி ஸ்டேட் பேங்கில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், புவி சூடாவதற்கு நிலக்கரிக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் பொறுப்பு என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. அதானி பெயரும் அதில் இருந்தது. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து கமுதி பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடுதான். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த சீமை அது. அதைப் போட்டது அதே அதானி. அப்படிப்பட்டவரை ஆஸ்திரேலியாவில் பலகை பிடித்துத் திட்டுகிறார்கள். சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்குள் ஒருவர் ஸ்டேட் பேங்க் பெயர் எழுதிய அட்டையோடு நுழைந்ததை டிவியில் நானே பார்த்தேன். நம் ஆள் அங்கே போய்ச் சுரங்கம் தோண்டுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நமக்கு மின்சாரம் வேண்டாமா? வங்கி என்ன செய்யும், கடன் கொடுப்பதுதானே அதன் தொழில்? இவர்கள் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுக்கப் போகிறான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நான் என் டெபாசிட்டை எடுத்துவிட வேண்டுமா? கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வூதியர்

வணக்கம் ஐயா,

போகிறபோக்கில் எழுதியது என் பிழை. கமுதியில் இருந்தே தொடங்குகிறேன்.

2016-ல் அந்த நிலையம் திறக்கப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்றாக இருந்தது. 648 மெகாவாட், சுமார் 25 லட்சம் தகடுகள். தூசி துடைக்கக்கூட இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை வெளியே நின்று பார்த்திருக்கிறேன். நீங்கள் பெருமைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் ஆசிரியராக இருந்தவர் நீங்கள், என்னோடு ஒரு கணக்குப் போடுங்கள். இரவு, மேகம் எல்லாம் போக, 648 மெகாவாட் சோலார் ஓர் ஆண்டில் தோராயமாக 100 கோடி யூனிட் தரும். அதே 100 கோடி யூனிட்டை நிலக்கரியில் எடுத்தால் யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். ஆக, கமுதி ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் புகையை மிச்சப்படுத்துகிறது.

இப்போது ஆஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உள்நாட்டில் கலிலீ படுகை என்ற நிலக்கரிப் பரப்பு இருக்கிறது. அங்கே கார்மைக்கேல் என்னும் இடத்தின் சுரங்க உரிமையை அதானி குழுமம் 2010-ல் வாங்கியது. அடுத்த ஆண்டே கடற்கரையில் அபாட் பாயின்ட் துறைமுகத்தையும் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. முதலில் போட்ட திட்டம் ஆண்டுக்கு 6 கோடி டன். அங்கே கிடைக்கும் கரியில் ஒரு டன்னை எரித்தால் சுமார் 2 டன் கரியமில வாயு. (ஒரு டன் எரிந்து எப்படி இரண்டு டன் ஆகும் என்று மாணவர்கள் உங்களையும் கேட்டிருப்பார்கள். காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடை அது.) 6 கோடி டன் கரி என்றால் 12 கோடி டன் புகை. ஒரு சுரங்கத்தின் ஓர் ஆண்டுப் புகையைச் சரிக்கட்ட 120 கமுதிகள் வேண்டும். அதுவும் அறுபது ஆண்டு ஓடும் என்று கணக்கிட்ட சுரங்கம்.

கமுதியைக் காட்டி கார்மைக்கேலை மறக்க முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதானி கிரீன் நிறுவனம் 2024-ல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது, கட்ச் பாலைவனத்தில் காவ்டா என்ற இடத்தில் 30,000 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டு வேலை நடக்கிறது. சின்ன வேலை இல்லை. அதே குழுமத்தின் அதானி பவர் அதே ஆண்டில் 15,000 மெகாவாட்டுக்கு மேல் அனல் மின்நிலையங்களையும் வைத்திருந்தது.

பொறாமை என்றீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்திரேலியா தானே உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. அங்குள்ள ஒரு மனிதர் சராசரியாக வெளியிடும் புகை இந்தியரைப்போல் ஏழெட்டு மடங்கு. தங்கள் பழைய சுரங்கங்களை வைத்துக்கொண்டு நம்மவர் சுரங்கத்தை மட்டும் வில்லனாக்கியபோது எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்ததும் அவர்கள் அரசுதான் என்பதை மறக்க வேண்டாம். 2019 தேர்தலுக்கு முன் எதிர்ப்பாளர்கள் வண்டிகளில் ஊர்வலமாகச் சுரங்கப் பகுதிக்குப் போனார்கள். அங்குள்ள மக்கள் அவர்களைத்தான் திட்டினார்கள், வேலை வேண்டும் என்பதற்காக. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான வாங்கன், ஜகலிங்கூ மக்களில் ஒரு பகுதியினர் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை ஏற்க, இன்னொரு பகுதியினர் நீதிமன்றம் ஏறித் தோற்றார்கள். வெளிநாட்டார் எதிர் இந்தியர் என்று பிரிக்கிற அளவுக்கு அந்தச் சண்டை எளிதாக இல்லை. குவீன்ஸ்லாந்துக் கடலோரப் பவளத்திட்டுகள் 2016, 2017 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் கடல் சூட்டில் வெளிறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அபாட் பாயின்ட் அந்தத் திட்டுகளின் ஓரத்தில்தான் இருக்கிறது.

'நமக்கு மின்சாரம் வேண்டாமா' என்பதற்கு ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு நகர்கிறேன். இந்தக் கரி போகும் இடமாகப் பெரிதும் பேசப்பட்டது ஜார்க்கண்டில் உள்ள கோட்டா, 1,600 மெகாவாட் நிலையம். வெளிநாட்டுக் கரி ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் ஏறி, கோட்டாவில் எரிகிறது. அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருப்பது வங்கதேசம். புகை மட்டும் ஜார்க்கண்டில்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. 'நாம் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான்.' இதே வாதத்தை, பணத்துக்குப் பதில் கரியை வைத்து, 2015-ல் குவீன்ஸ்லாந்து நில நீதிமன்றத்தில் அதானி தரப்பு சொன்னது: இந்தச் சுரங்கம் இல்லாவிட்டால் வேறு நாட்டுக் கரி எரியும், ஆகவே உலகப் புகையின் அளவு மாறாது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அது கரியைப் பற்றியது. பணத்தைப் பற்றி அதே வாதம் சரியா என்று தெரிந்துகொள்ள யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, நடப்பிலேயே தெரிந்துவிட்டது.

2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி-20 மாநாடு. பிரதமர் மோடி போயிருந்தார், கௌதம் அதானியும் அங்கே இருந்தார், ஸ்டேட் பேங்கின் அப்போதைய தலைவர் அருந்ததி பட்டாச்சார்யாவும் இருந்தார். 100 கோடி டாலர் வரை கடன் தருவது பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றைய மதிப்பில் சுமார் 6,200 கோடி ரூபாய். ஒப்பந்தம்தான் கையெழுத்தானது, பரிசீலனைக்குப் பிறகே கடன் என்று வங்கி சொன்னது. அந்தக் கடன் வரவே இல்லை.

இதற்கிடையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். 2015-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கியும் காமன்வெல்த் வங்கியும் இந்தத் திட்டத்தில் தங்கள் ஆலோசகர் வேலையை விட்டன. நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி பணம் போட மாட்டோம் என்றது. 2017 ஏப்ரலில் வெஸ்ட்பேக் வங்கி ஒரு விதி போட்டது: ஏற்கெனவே சுரங்கம் நடக்கும் படுகைகளுக்கு மட்டும், அதுவும் கிலோவுக்கு 6,300 கிலோ கலோரி வெப்பம் தரும் உயர்ந்த ரகக் கரிக்கு மட்டும் கடன். புதிய படுகையும் மட்டமான ரகக் கரியுமான கார்மைக்கேல் பெயர் சொல்லாமலே விலக்கப்பட்டது. கூட்டாட்சி அமைச்சர் மேத்யூ கனவன் கோபித்துக்கொண்டு, குவீன்ஸ்லாந்து மக்கள் வீட்டுக் கடனுக்கும் டெபாசிட்டுக்கும் வேறு வங்கியைப் பார்க்கலாமே என்ற அளவுக்குப் பேசினார். உங்கள் டெபாசிட் கேள்வியை அங்கே கேட்டவர் ஒரு அமைச்சர், அதுவும் நிலக்கரியின் பக்கம் நின்று! அந்த ஆண்டு முடிவதற்குள் சீனத்தின் இரண்டு பெரிய அரசு வங்கிகளும் தாங்கள் இதில் இல்லை என்றன. ரயில் பாதைக்கு அரசு நிதியத்திலிருந்து கேட்ட 90 கோடி ஆஸ்திரேலிய டாலரை மாநில முதல்வர் அனஸ்தேசியா பலாஷே தடுத்தார்.

அந்த வேறொருவன் வரவில்லை ஐயா. உலகம் முழுக்கத் தேடியும் வரவில்லை.

2018 நவம்பர் 29 அன்று, சொந்தப் பணத்தில் தோண்டப் போகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் 200 கோடிக்கு இறங்கியது. 6 கோடி டன் ஒரு கோடி, ஒன்றரைக் கோடி டன்னானது. 388 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை பாதியாகி, ஏற்கெனவே இருந்த பாதையோடு போய்ச் சேர்ந்தது. முதல் கப்பல் கிளம்பியபோது 2021-ம் ஆண்டின் கடைசி நாட்கள். எல்லாம் வங்கிகளால்தான் என்று சொல்ல மாட்டேன். 2011-க்குப் பிறகு கரி விலை விழுந்தது, வழக்குகள் இழுத்தன. ஆனாலும் இவ்வளவு பெரிய திட்டத்தில் பெரும்பங்கு கடனாகத்தான் வரும். கொடுப்பவர் இல்லாதபோது கையிருப்பின் அளவுக்குத்தான் குழி. 120 கமுதி 20, 30 கமுதி ஆனது அப்படித்தான். சுரங்கம் நிற்கவில்லை என்பதைக் காட்டி எதிர்ப்பாளர்கள் தோற்றார்கள் என்பவர்களும் உண்டு. நான் அந்த மீதி 90, 100 கமுதியைப் பார்க்கிறேன்.

நீங்கள் டிவியில் பார்த்தது 2020 நவம்பர் 27. ஸ்டேட் பேங்க் சுமார் 5,000 கோடி ரூபாய் கொடுக்கப்போகிறது என்று மறுபடியும் செய்தி வந்த நேரம். (அன்று நாம் 66 ரன் வித்தியாசத்தில் தோற்றதற்கு அந்த அட்டை காரணமல்ல. நமக்கு எதிராக ஆஸ்திரேலியா அடித்தது 374.) அதே வாரம் பிரான்ஸின் அமுண்டி என்ற முதலீட்டு நிறுவனம், இந்தக் கடனைக் கொடுத்தால் தன்னிடம் உள்ள ஸ்டேட் பேங்கின் பசுமைப் பத்திரங்களை (சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்று கடன் திரட்டும் பத்திரங்கள்) விற்றுவிடுவோம் என்றது. பசுமை என்று சொல்லி ஒரு கையில் வாங்கிய பணமும் கரிக்குக் கொடுக்கும் பணமும் ஒரே பெட்டிதானே என்பது அவர்கள் கேள்வி. அமுண்டி யாரோ எவரோ இல்லை, எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டில் பங்காளி.

பெட்டி ஒன்றுதான் என்பது 2023 பிப்ரவரியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதானி குழுமத்தின் மீது முறைகேட்டுப் புகார் சொன்ன அமெரிக்க நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கைக்குப் பிறகு அக்குழுமத்தின் பங்குகள் சரிந்துகொண்டிருந்த நேரம். அதானி கிரீன், அதானி டிரான்ஸ்மிஷன், அதானி போர்ட்ஸ் பங்குகள் கூடுதலாக ஸ்டேட் பேங்க் குழுமத்தைச் சேர்ந்த எஸ்பிஐகேப் டிரஸ்டியிடம் அடமானம் வைக்கப்பட்டன. எதற்கு? கார்மைக்கேல் தொடர்பாக ஸ்டேட் பேங்க் கொடுத்திருந்த 30 கோடி டாலர் மதிப்புள்ள உத்தரவாதத்துக்கு. கையில் ரொக்கமாகக் கொடுத்த கடன் அல்ல, வாடிக்கையாளர் தவறினால் வங்கி கட்டும் என்ற வாக்குறுதி. சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை, வங்கி தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஜாமீன் கேட்பதும் சரியே. ஆனால் சூரிய மின்சார நிறுவனத்தின் பங்கு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஜாமீன் நின்றது! காற்றாலையும் சோலாரும் என்று நம்பி அதானி கிரீன் பங்கை வாங்கியவர்கள் அறியாமலே கார்மைக்கேலுக்குப் பின்னால் நின்றார்கள். நார்வேயின் கேஎல்பி இதைக் கண்டதும் அதானி கிரீன் பங்குகளை விற்று வெளியேறியது. கேஎல்பி யார் தெரியுமா? அந்நாட்டு உள்ளாட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. அதில் உங்களைப் போன்ற ஓய்வூதியர்களின் பணம்தான் இருக்கிறது.

அந்த நாட்களில் அதானி குழுமத்துக்குத் தான் கொடுத்த கடன் மொத்தம் சுமார் 27,000 கோடி, தன் கடன்களில் 0.9 சதவீதத்துக்கும் குறைவு என்று ஸ்டேட் பேங்க் சொன்னது. உங்கள் டெபாசிட்டுக்கு ஆபத்து இல்லை என்பதற்கு அந்தச் சதவீதம் போதும். என்ன எரிகிறது என்பதை அது சொல்லாது.

டெபாசிட்டை எடுக்க வேண்டாம். என் கணக்கும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு எந்த வங்கிக்குப் போவது? பெரிய கடன்களை நம் வங்கிகள் கூட்டாகத்தான் கொடுக்கின்றன. ஆனால் உங்கள் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதலாம், தமிழிலேயே. புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடனோ உத்தரவாதமோ கொடுப்பதில் நம் வங்கியின் எழுதப்பட்ட விதி என்ன, வெஸ்ட்பேக் போட்டதைப்போல ஒரு வரி நம்மிடம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது, மேலே அனுப்புவார். நானும் என் கிளைக்கு எழுதுகிறேன். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.