கேன்டீன் திறப்பும் கிளர்ச்சியும்

வணக்கம் அண்ணா,

ஓசூர்ல ஒரு கம்பெனில எச்.ஆர்.ல இருக்கேன், சொந்த ஊரு பாலக்கோடு பக்கம். போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு கூத்து. புது கேன்டீன் திறக்கறத பத்தி மேலிடத்துல இருந்து இங்கிலீஷ்ல மெயில் வந்துச்சு, ‘வி ஆர் எக்ஸைட்டட் டு அனௌன்ஸ்’னு ஆரம்பிக்குமே அந்த மாதிரி. அத தமிழ்ல நோட்டீஸ் போர்டுல போடச் சொன்னாங்க. அன்னிக்கு நான் லீவு, வேற ஒருத்தர் ஏதோ ஆப்ல போட்டு மாத்தி ஒட்டிட்டாரு. ‘புதிய கேன்டீன் திறப்பை அறிவிப்பதில் நாங்கள் கிளர்ச்சியடைகிறோம்.’ ஷாப் ஃப்ளோர்ல ஒரே சிரிப்பு, மேனேஜ்மெண்டே ஸ்ட்ரைக்ல எறங்கிடுச்சான்னு கேக்கறாங்க. அத கிழிச்சிட்டு நான் எழுத உக்காந்தா எனக்கும் வரல. ஆவலா, உற்சாகமா, பரபரப்பா, எதப் போட்டாலும் ஒட்டல. வீட்லயும் இதே கததான், பொண்ணு நாலாவது படிக்கிறா, தொட்டதுக்கெல்லாம் ‘ஐயாம் சோ எக்ஸைட்டட்’. அப்படின்னா என்னடின்னு மாமியார் கேட்டா என்னால விளக்க முடியல. பக்கத்து வீட்டுல கன்னடம், எதிர் வீட்டுல தெலுங்கு, அவங்கள கேட்டா அவங்களும் முழிக்கறாங்க. நம்ம மொழிங்கள்ல அந்த உணர்ச்சியே கம்மியா, இல்ல நாமதான் சொல்லிப் பழகலயா? பேர் போட வேணாம்ணா.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேனேஜ்மெண்ட் கிளர்ச்சின்னு ஒண்ணு தொழிற்சங்க வரலாறுலயே வந்திருக்காது, உங்க கம்பெனிதான் மொதல்ல. ஆனா அந்த ஆப்ப மட்டும் திட்டிப் பிரயோசனமில்ல. கிளர்றதுன்னா மேல எழும்பறது, அகராதில அந்த அர்த்தம் இருக்கத்தான் இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல அந்த வார்த்தைய ஒரு பக்கம் கட்சிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, இன்னொரு பக்கம் பெட்டிக்கடைல கிளிப் மாட்டி தொங்கற புத்தகங்க எடுத்துக்கிடுச்சு, நடுவுல கேன்டீனுக்கு எடமில்லாம போச்சு. இந்த ரெண்டாவது வில்லங்கம் நமக்கு மட்டும் இல்ல. ஸ்பானிஷ்காரங்ககிட்டயும் பிரெஞ்சுக்காரங்ககிட்டயும் இங்கிலீஷ் நெனப்புல ‘எக்ஸிதாதோ’, ‘எக்ஸிதே’ன்னு சொல்லிட்டு அசடு வழியறவங்க நெறைய, அங்க அந்த வார்த்தை படுக்கையறைப் பக்கம் இழுத்துட்டுப் போயிடும். பிரெஞ்சுக்காரன் ஒரு விஷயத்துக்காக ஆசையா காத்திருந்தா ‘எனக்கு அவசரமா இருக்கு’ங்கற மாதிரிதான் சொல்வான், ஜெர்மன்காரன் ‘இழுத்துக் கட்டின மாதிரி இருக்கேன்’பான்.

சரி, கேள்விக்கு வர்றேன். உணர்ச்சி கம்மியெல்லாம் இல்ல, சொல்லிப் பழகலங்கறது பாதி நிஜம். என்னக் கேட்டா நம்ம பக்கம் இத அனுபவிக்கறவன் சொல்றதே இல்ல, பக்கத்துல நின்னு பாக்கறவன்தான் சொல்றான். யோசிச்சுப் பாருங்க, பொண்ணு பாத்துட்டு வந்து புடிச்சுப்போன பையனப் பத்தி வீட்ல என்ன சொல்வாங்க? தல கால் புரியல அவனுக்கு, கால் ஒரு எடத்துல நிக்குதா பாரு, வாயெல்லாம் பல்லு, கையில புடிக்க முடியல. எல்லாமே அடுத்தவங்க வாயில இருந்து வர்றது. அவனே வந்து ‘எனக்குக் கால் தரையில நிக்கல’ன்னா அது சினிமா டயலாக். அவனாச் சொன்னா மிஞ்சிப் போனா ‘இருப்பு கொள்ளல’ம்பான், அதையும் தலையக் குனிஞ்சுக்கிட்டு.

இன்னொண்ணு, இங்கிலீஷ்ல அந்த வாக்கியத்துக்கு ‘நான்’தான் மொதலாளி. நம்மகிட்ட மொதலாளி உடம்பு. உடம்பு சிலிர்த்துச்சு, நெஞ்சு படபடங்குது, கை பரபரங்குது. உங்க பக்கத்து வீட்டு கன்னடக்காரங்ககிட்ட ‘எக்ஸைட்மெண்டுக்கு கன்னடத்துல என்ன’ன்னு கேட்டா முழிக்கத்தான் செய்வாங்க, அப்படிக் கேக்காம, தேர் வடம் புடிச்சு மொத இழுப்புல தேர் அசைஞ்சப்ப எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, ‘மை ஜும்மெந்திது’ன்னு உடனே வரும். மைன்னா மெய்தான், உடம்பு. எதிர் வீட்டு தெலுங்குக்காரங்க ‘ஒள்ளு ஜல்லுமந்தி’ம்பாங்க, ஒள்ளும் உடம்புதான். நாம ‘ஜிவ்வுன்னு இருந்துச்சு’ங்கறோம். ஜும், ஜல், ஜிவ். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு மூணு பாஷைக்காரங்களும் ஒரே வடத்தப் புடிக்கறாங்க, கெளம்பற சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. ஜப்பான்காரனும் இந்த விஷயத்துல நம்மாளு, நெஞ்சு அடிச்சுக்கறதுக்கு ‘தொகிதொகி’, கொரியாக்காரனுக்கு ‘துகுன்துகுன்’.

ஆனா மூணு பாஷை ஊர்ல ஒரு ஆபத்து இருக்கு, அத ஓசூர்க்காரங்களுக்குச் சொல்லியே ஆகணும். சமஸ்கிருதத்துல இருந்து வந்த வார்த்தைங்க பாக்க ஒரே மாதிரி இருக்கும், நம்பி எடுத்தா கவுத்துடும். நமக்கு குதூகலம்னா குழந்தைங்க குதிக்கற சந்தோஷம், கன்னடத்துல குதூஹலன்னா என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கற ஆர்வம். நமக்கு உத்வேகம்னா ஊக்கம், மேடைல பேசறவங்களுக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை. அதையே கன்னடத்துல உத்வேகன்னா மனசு பதட்டம். நாளைக்கு உங்க மேனேஜர் பேச்ச யாராவது கன்னடத்துக்கு மாத்தும்போது ‘உங்களுக்கு உத்வேகம் தர வந்திருக்கேன்’ங்கறத அப்படியே விட்டுட்டாங்கன்னா, டென்ஷன் குடுக்க வந்திருக்கேன்னு ஆயிடும் (அது உண்மையாவும் இருக்கலாம், அது வேற கத).

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஆவேசம். மலையாளத்துல ஆவேசம்னா நீங்க தேடற எக்ஸைட்மெண்ட்டுக்கு ரொம்பக் கிட்ட, ஃபுட்பால் மேட்ச்சுக்கெல்லாம் தாராளமா போடுவாங்க. நமக்கு ஆவேசம்னா அருவா தூக்கிட்டு வர்ற கோவம். ஆனா ரெண்டுக்கும் அடில இருக்கற அர்த்தம் ‘உள்ள புகுறது’. சாமி உள்ள புகுறது. இங்கிலீஷ்ல என்தூசியாசம்ங்கறோமே, அது கிரேக்க வார்த்தை, அதுக்கும் ‘உள்ளுக்குள்ள சாமி’ன்னுதான் மூலம். பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஒருத்தன என்தூசியாஸ்ட்னு சொன்னா அது வசவு, மதவெறி புடிச்சவன்னு அர்த்தம். இப்ப ரெஸ்யூம்ல போட்டுக்கறாங்க!

நம்ம தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழால பாரதக் கூத்து முடிஞ்சு படுகளம் நடக்கறதப் பாத்திருப்பீங்க, சின்ன வயசுல கண்டிப்பா யாராவது தோள் மேல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. மண்ணுல அவ்ளோ பெருசா துரியோதனன் படுத்திருப்பான், வேஷம் கட்டினவங்க அவன் மேல ஏறிச் சுத்தி வருவாங்க, பம்பை அடிக்கற அடி காதுல இல்ல அடிவயித்துல கேக்கும். தொடைல அடி விழற நேரத்துக்கு கூட்டத்துல அங்க ஒண்ணு இங்க ஒண்ணா ஆட ஆரம்பிக்கும், கூந்தல் அவுந்து, கண்ணு சொருகி. அங்க இருக்கறவங்க ‘அவ எக்ஸைட்டா இருக்கா’ன்னு சொல்ல மாட்டாங்க, ‘அவளுக்கு வந்துடுச்சு’ம்பாங்க. வந்துடுச்சு, அவ்ளோதான், எது வந்துச்சுன்னு சொல்லக்கூட வேணாம்.

அப்புறம் நம்ம பேப்பர்க்காரங்க. ‘இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது’. பாம்பு புகுந்தாலும் அதே வரி, அமைச்சர் வந்தாலும் அதே வரி. நான் கிண்டலுக்குச் சொல்லல, நெஜமாவே யோசிச்சா அது ரொம்பத் தமிழான வாக்கியம். யாரு பரபரப்பானாங்கன்னு அதுல இல்ல, பரபரப்பு ஏரியாவுக்குச் சொந்தம். 2023 பிப்ரவரி 2ஆம் தேதி உங்க ஓசூர் பக்கத்துலயே, கோபசந்திரத்துல எருது விடும் விழாவுக்கு அனுமதி வரத் தாமதமாகி, மாடு ஓடறதப் பாக்க வந்த ஜனங்க நேஷனல் ஹைவேல உக்காந்துட்டாங்க, கல்லு பறந்துச்சு, பெங்களூரு போற ரோடு மணிக்கணக்கா நின்னுச்சு. காலைல வந்தது கொண்டாட்ட மனசு. அதே ஆளு, அதே நெஞ்சடிப்பு, நடுவுல ஒரு அனுமதிக் கடுதாசி வரல, அவ்ளோதான் வித்தியாசம். உற்சாகம்னு எழுதறதா ஆவேசம்னு எழுதறதான்னு நிருபர் முடிவு பண்றதுக்குள்ள அது ஒண்ணுல இருந்து இன்னொண்ணா மாறியிருக்கும்.

இது புதுசும் இல்ல. நம்ம தகடூர் அதியமானப் பத்தி ஔவையார் பாடினது புறநானூறுல நூறாவது பாட்டா இருக்கு. சண்டைல இருந்து அப்படியே வந்து பொறந்த குழந்தைய மொத மொதல்ல பாக்கறான். கையில வேலு, உடம்பெல்லாம் வேர்வை, கழுத்துல காயாத புண்ணு. எதிரிய மொறச்ச கண்ணு, பெத்த புள்ளையப் பாக்கும்போதும் செவப்பு ஆறலங்கறாங்க அந்தம்மா. எங்கயாவது ‘மகிழ்ந்தான்’னு இருக்கான்னு தேடுங்க, இருக்காது. அவன் மனசுக்குள்ள அவங்க போகவே இல்ல, கண்ணு, கழுத்து, கை, வேர்வை. தொல்காப்பியத்துல இதுக்குன்னே மெய்ப்பாட்டியல்னு ஒரு இயல் இருக்குல்ல, உடம்புல தெரியறததான் மெய்ப்பாடுங்குது, அந்த இயலை முடிக்கும்போது கண்ணாலயும் காதாலயும் கூர்ந்து கவனிக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தவிர மத்தவங்களுக்கு இது புரியாதுன்னு முடிச்சுடுது. பொறுப்பு பூரா பாக்கறவன் தலையில.

இன்னிக்குப் பசங்க பேசறதையும் அதியமான் கண்ணையும் நான் ஒரே வரிசைலதான் வைப்பேன். பயங்கரமா இருக்கு, மிரட்டல், வெறித்தனம், தாறுமாறு, எல்லாம் பயத்துலயும் கோவத்துலயும் இருந்து கடன் வாங்கினதுதான். தெலுங்குப் பையன் சூப்பரா இருந்தா ‘கேக்க’ங்கறான், கேக்கன்னா அலறல். கன்னடப் பையன் ‘பெங்க்கி’ங்கறான், நெருப்பு. ஜப்பான்ல ‘யபாய்’, ஆபத்துன்னு அர்த்தம், இப்ப ஐஸ்க்ரீம் நல்லா இருந்தாலும் அதான். எக்ஸைட்மெண்ட்டும் பயமும் உடம்புக்கு ஒண்ணுதான், அட்ரினலின் சொரந்து, நெஞ்சு அடிச்சு, மயிர்க்கால்ல இருக்கற துளி தசை சுருங்கி ரோமம் நிக்கும், குளிருக்கும் அதே தசைதான். ஹார்வர்டுல ஆலிசன் வுட் ப்ரூக்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2014ல இத வச்சே ஒண்ணு பண்ணாங்க. பாடறதுக்கும் பேசறதுக்கும் முன்னாடி பயந்து நிக்கறவங்கள்ல கொஞ்சப் பேர ‘நான் அமைதியா இருக்கேன்’னு வாய்விட்டுச் சொல்ல வச்சாங்க, கொஞ்சப் பேர ‘நான் எக்ஸைட்டடா இருக்கேன்’னு சொல்ல வச்சாங்க, ரெண்டாவது கூட்டம்தான் நல்லாப் பண்ணுச்சு. அடிச்சுக்கற நெஞ்ச அமைதியாக்கறது கஷ்டம், பேர மாத்தறது ஈஸி. அதனால உங்க பொண்ணு அந்த வாக்கியத்த சொல்றத மட்டும் தயவுசெஞ்சு தடுக்காதீங்க, பரீட்சை அன்னிக்கு உதவும். (பிலிப்பைன்ஸ்ல மனசுக்குப் புடிச்சவங்களப் பாத்தா வர்ற சிலிர்ப்புக்கு ‘கிலிக்’னு பேரு, 2016ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிலயே ஏறிடுச்சு. நம்ம கிலிக்கும் அதுக்கும் சொந்தமில்ல, ஆனாலும் கேட்டப்ப சிரிப்பு வந்துச்சு.)

சொல்லிப் பழகாததுக்கு வேற காரணமும் இருக்கு. ஜீன் சாய்னு ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர், அமெரிக்கக் குழந்தைங்க கதைப் புத்தகத்தையும் தைவான் குழந்தைங்க கதைப் புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, அமெரிக்கப் புத்தகத்துல மொகமெல்லாம் பெரிய சிரிப்பு, துள்ளல், தைவான்ல அமைதியான மொகம். சின்ன வயசுலயே எந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம்னு சொல்லிக் குடுத்துடறாங்க. நமக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பாட்டிதான். ‘ரொம்ப ஆடாத, கண்ணு பட்டுடும்.’ புது வண்டி எடுத்தா சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வைக்கறோம், ‘ஐயாம் எக்ஸைட்டட்’னு வண்டிக்காரன் கத்தறதில்ல. எனக்கு இதுல பெருமையும் இல்ல, கொறையும் இல்ல. ஆனா சில வீடுங்கள்ல புள்ளைங்க ஓடி வந்து ஒண்ணு சொன்னா ‘சரி சரி, கத்தாத’ன்னு அடக்கறதப் பாக்கும்போது மட்டும் எரிச்சலா வரும்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி மெயில்ல வர்ற அந்த எக்ஸைட்டட் உணர்ச்சியே கெடையாது, அது ஒரு கும்புடு. அதுக்கு நம்மகிட்ட ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ ரெடியா இருக்கு, அரசாங்கமே அததான் பல வருஷமா ஓட்டுது, தேய்ஞ்சதுதான், ஆனா யாரும் சிரிக்க மாட்டாங்க. என்னய எழுதச் சொன்னா அதுவும் வேணாம்பேன். கல்யாணப் பத்திரிகைல ‘நாங்க ஆர்வமா இருக்கோம்’னு எந்த அப்பாவும் போட்டதில்ல, சுற்றம் சூழ வந்திருந்து வாழ்த்தணும்னுதான் கேக்கறாரு, அந்த அழைப்புலயே எல்லாம் இருக்கு. அதனால ‘திங்கள்கிழமை மதியம் புது கேன்டீன் திறக்கிறோம். முதல் நாள் பாயசத்தோட சாப்பாடு. எல்லாரும் வந்துடுங்க.’ இவ்ளோ போதும். பாயசம் போடறாங்களான்னு மட்டும் மேலிடத்துல கேட்டுக்கோங்க, போடலன்னா அந்த வரிய எடுத்துடுங்க, இல்லன்னா நெஜமாவே கிளர்ச்சி வந்துடும்.

மாமியாருக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்கல்ல. ‘உங்க பேத்திக்கு இருப்பு கொள்ளலயாம்’னு சொல்லிப் பாருங்க. எதுக்குடின்னு அடுத்து கேப்பாங்க, அதுக்கு பதில் பொண்ணு சொல்லிக்குவா.

அன்புடன்,
அண்ணன்
தருமபுரி