மூன்று கிரீன்களில் மட்டும் ஏன் வருகிறது?

கேள்வி: எங்கள் கோல்ஃப் மைதானத்தின் 18 கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில்) மூன்றில் மட்டும், குளிர் தொடங்கியதிலிருந்து நாணய அளவில் செம்பழுப்புத் திட்டுகள் தோன்றி, கையகலத்துக்குப் பெருகிவருகின்றன. ஒரே பூஞ்சாணக்கொல்லியை இருமுறை தெளித்தும் நிற்கவில்லை. மூன்றாம் முறையும் தெளித்து, பசுமை திரும்ப யூரியாவும் இடும்படி மருந்து விற்பனையாளர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: யூரியாவைத் தொடவே வேண்டாம். வெயில் ஏறுமுன் ஒரு திட்டின் ஓரத்தில் மண்டியிட்டு உற்றுப் பாருங்கள். பஞ்சைப் பிரித்ததுபோல வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு இழைகள் ஈரப் புல்லோடு ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் மைக்ரோடோக்கியம் என்னும் பூஞ்சாணமாகவே இருக்கும். வெண்பனி மூடாத இடத்திலும், குளிரும் ஈரமும் நீடித்தால் அது பரவும். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து இளகிய புல்லே அதற்கு முதல் இரை. குளிரில் வளர்ச்சி நின்றுவிட்ட புல்லுக்கு யூரியா இடச் சொல்பவர், உங்கள் புல்லைவிடத் தம் கையிருப்பையே கவனிக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

திட்டுகள் இன்னும் பரவினால், செயல்படும் விதமே வேறான ஒரு மருந்தை, இலை காய்ந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை தெளிக்கலாம்; ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூஞ்சாணம் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். ஆனால் எந்த மருந்தும் விழுந்த தழும்பை மூடாது. வெப்பம் திரும்பிப் புல் வளரும்போதுதான் அது மூடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மற்ற பதினைந்தும் தப்பியிருக்க இந்த மூன்று மட்டும் ஏன் அகப்பட்டன என்பதே. அவற்றின் கிழக்கே மரங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே செல்வதால் கோடையில் விழாத நிழல் இப்போது நீண்டு விழுகிறது. காலை வெயில் படாத புல்லில் பனித்துளி நண்பகல் வரை உலராமல் கிடக்க, அந்த ஈரத்தில்தான் நோய் வளர்கிறது. காலை வெயிலுக்கு ஈடான பூஞ்சாணக்கொல்லியை நான் இதுவரை கண்டதில்லை. கீழ்க்கிளைகளைக் கழித்தாலே காற்றும் நுழையும். அதற்கும் தீராவிட்டால் ஓரிரு மரங்களையே அகற்ற வேண்டும் என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். அதுவரை நாள்தோறும் விடியற்காலையில் நீண்ட மூங்கில் கழியால் புல்லின்மேல் வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுங்கள். உறைபனி படிந்த நாளில் மட்டும், அது உருகும்வரை எவரும் கிரீனில் கால் வைக்கக் கூடாது; உறைந்த இலை மிதிபட்டால் செல்கள் உடைந்து, காலடித் தடம் பழுப்பாகவே நின்றுவிடும்.

வெட்டும் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டுங்கள். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) குறைந்த அளவில் நீரில் கரைத்துத் தெளிப்பதும் நோயை ஓரளவு அடக்கும். கத்தியால் ஒரு துண்டு மண்ணை வெட்டியெடுத்துப் பாருங்கள். புல்லடியில் மட்காத நார் பஞ்சுபோல் தடித்து, பிழிந்தால் நீர் சொட்டுமானால், வளர்ச்சி திரும்பியதும் துளையிட்டு மணல் இட வேண்டும்.

மரத்தைத் தொட நிர்வாகம் மறுத்தால், காலை எட்டு, பத்து, பன்னிரண்டு மணிக்கு அந்த மூன்று கிரீன்களில் விழும் நிழலைப் படமெடுத்து, திட்டுகள் உள்ள இடங்களின் படத்தோடு சேர்த்து அவர்கள் முன் வையுங்கள்.