சீனம் படிக்கட்டும், விடுங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, கணித-அறிவியல் பிரிவு. மார்க் பரவாயில்லை ரகம். பாடப் புத்தகத்தைவிட அமெரிக்கா-ரஷ்யா பனிப்போர், அமெரிக்கா-சீனா சிப் சண்டை என்றுதான் எந்நேரமும் படிக்கிறாளாம். நியூஜெர்சியில் இருக்கும் அவளுடைய மாமா, "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்த்து விடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடத்துக்கு 14 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். இப்போதே முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்று புரோக்கர் தினமும் போன் செய்கிறார்.

அம்மா, வழக்கமாக நான் இரண்டு வரி ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வீட்டுப் பத்திரம் என்று படித்த பிறகு அதற்கு மனசு வரவில்லை. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் அண்ணன் உங்கள் மேல் அக்கறை உள்ளவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் போன பாதை எப்படி உண்டானது என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஐஐடி என்றால் நம் வீடுகளில் கோயில் மாதிரி. பம்பாய் ஐஐடிக்கு சோவியத் யூனியன் உதவியது, கான்பூருக்கு அமெரிக்கா, 1959-ல் நம் அடையாறு பக்கம் வந்த ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனி. ஏழை நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்று இரண்டு வல்லரசுகளும் போட்டி போட்டபோது நமக்குக் கிடைத்தவை இவை. நேரு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், அது அவருடைய சாமர்த்தியம். ஆக, உங்கள் மகளைப் பார்த்து "இதையெல்லாம் படித்து என்ன லாபம்" என்று கேட்பவர்களின் கௌரவப் படிப்பே அந்தப் போட்டியில் பிறந்ததுதான்.

இன்றைக்கு அந்தப் பாதை எங்கே நிற்கிறது? 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டார். அங்கே வேலைக்குப் போக வேண்டிய எச்-1பி விசாவுக்கு, புதிய விண்ணப்பம் என்றால் ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது. "மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று அண்ணன் சொல்வதில் இந்த மிச்சமும் சேர்த்தியா என்று கேளுங்கள். இன்னொரு சொந்தக்காரர் வெளிநாட்டு எம்பிபிஎஸ் பேச்சையும் எடுத்திருக்கிறார். உக்ரைனுக்குப் போன பிள்ளைகள் 2022-ல் பாதிப் படிப்போடு ஓடிவந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அவள் நோட்டிலிருந்து இரண்டு பக்கம் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். 1962 அக்டோபர் என்று தலைப்பு. இடது பக்கம் கியூபா, வலது பக்கம் லடாக்கும் நேஃபாவும் (இன்றைய அருணாசலப் பிரதேசம்). 16-ம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடியிடம், கியூபாவில் சோவியத் வைத்த ஏவுகணைகளின் படங்களைக் காட்டுகிறார்கள். 20-ம் தேதி சீனப் படை நம் எல்லைக்குள் வருகிறது. 28-ம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து, கீழே பொடி எழுத்தில், "ரெண்டும் ஒரே நேரத்தில், தற்செயலா?" என்று எழுதியிருக்கிறாள். பெரிய வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிளஸ் டூ பிள்ளை அங்கே வந்து நிற்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி மூடி வைக்க என்னால் முடியாது.

சட்டம், பி.காம்., யூபிஎஸ்சி கோச்சிங் பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு அண்ணாநகரில் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறது. நான் சொல்ல வருவது சீன மொழி.

சிரிக்காதீர்கள். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்து போனது. அடுத்த வருடமே ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தார்கள். அறிவியலுக்கும் கணக்குக்கும் மட்டுமல்ல, அயல்மொழிகளுக்கும் பணம் கொட்டினார்கள். ரஷ்யன் மட்டுமில்லை, தமிழ் உட்பட நம் மொழிகளைக் கற்பிக்கவும் அந்தப் பணம் போனது. நமக்கு அவர்கள் விற்ற கோதுமைக்கு நாம் ரூபாயில் கொடுத்த பணத்திலேயே தமிழ்ப் புத்தகங்களை வாங்கித் தங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கினார்கள். எதிராளியைப் புரிந்துகொள்ள மொழி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சீனாவோடு எல்லை வைத்திருக்கும் நாம், சீனப் பத்திரிகையை ஆங்கில வழியாகத்தான் படிக்கிறோம்.

டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் சீன மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். சாந்திநிகேதனில் தாகூர் காலத்திலேயே, 1937-ல் தொடங்கிய சீன பவனம் இருக்கிறது. அங்கேயும் இதே படிப்பு உண்டு. முதல் வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான்: கட்டம் போட்ட நோட்டில் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்று ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒரே ஒலியின் பொருளையே மாற்றிவிடும் நான்கு தொனிகளும் நாக்கில் உட்காரும்வரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். உங்கள் பெண் இதைத் தாங்குவாளா என்று தெரிய இப்போதே ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பரீட்சை முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக் தைவானுக்குப் போனார். பிறகு கம்யூனிஸ்ட் சீனா எழுத்துகளை எளிமையாக்கியது, தைவான் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டது. அதனால் தேர்வும் இரண்டு: சீனாவுக்கு எச்எஸ்கே, தைவானுக்கு டிஓசிஎஃப்எல். ஜேஎன்யூவில் எளிய எழுத்தில் படித்தாலும் பழையதையும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏனென்றால் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி. செய்யாறு சிப்காட்டிலும் தைவான்காரர்களின் ஷூ தொழிற்சாலை ஓடுகிறது. 2018-ல் அமெரிக்கா-சீனா வரிச் சண்டை தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் வந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. தைவான் சூப்பர்வைசர் ஒரு குறையைச் சொல்கிறார், லைனில் நிற்கும் வந்தவாசிப் பெண்ணுக்கு அது தமிழில் போய்ச் சேர வேண்டும், அவள் சொல்லும் காரணம் திரும்பி வர வேண்டும். நடுவில் நிற்பவருக்கு இரண்டு மொழியும் தெரிய வேண்டும், மெஷினும் கொஞ்சம் புரிய வேண்டும். உங்கள் மகளின் கணித-அறிவியல் வீணாகாது. தைவான் அரசு மொழி படிக்க மாதாந்திர உதவித்தொகையும் தருகிறது, ஹுவாயூ என்று பெயர். பட்டம் முடித்ததும் அதற்கு முயலலாம்.

அரசாங்கத்தின் பக்கமும் ஆள் தேவை இருக்கிறது. வெளியுறவுத் துறைக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ராணுவத்தின் பகுதிநேரப் படையான டெரிடோரியல் ஆர்மியில் 2023-ல் மாண்டரின், அதாவது சீனம், தெரிந்தவர்களை அதிகாரிகளாகவே எடுத்தார்கள். அவளுக்கு ஆராய்ச்சிப் பக்கம் ஆசை இருந்தால் திரும்பி வந்து சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டிஃபென்ஸ் ஸ்டடீஸ் துறையில் எம்.ஏ. சேரட்டும். மொழியோடு வருகிறவர்கள் அங்கே அபூர்வம்.

வேலை உத்தரவாதமா என்று கேட்பீர்கள். இல்லை. 2020-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பிறகு ஒரே நாளில் 59 சீன ஆப்களுக்குத் தடை வந்தது, அந்த வருடமே சீன முதலீட்டுக்கும் கெடுபிடி வந்தது. அப்போது தனியார் வேலை சுருங்கும். ஆனால் அரசுக்கு அந்த மொழி தெரிந்தவர்கள் முன்பைவிட அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். மேனேஜ்மென்ட் கோட்டா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இந்த இரண்டாவது பக்கம்கூடக் கிடையாது.

செலவுக் கணக்கில் நான் கறார். ஜேஎன்யூவில் படிப்புக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஹாஸ்டல் உடனே கிடைக்காமல் போகலாம். முதல் சில மாதம் பக்கத்திலுள்ள முனிர்க்காவில் இரண்டு மூன்று பெண்களோடு அறை எடுக்க வேண்டி வரும். அந்த வாடகை, சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட், இதற்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள். எல்லாம் சேர்த்தாலும் மொத்தச் செலவு அந்த 14 லட்சத்தைவிடக் குறைவாகத்தான் வரும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

சியூஇடி அறிவிப்பை இந்த வாரமே பாருங்கள், கடைசித் தேதிக்கு விடாதீர்கள். ஜேஎன்யூவுக்கு எந்தெந்தத் தாள் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு விண்ணப்பத்தை அவளையே நிரப்பச் சொல்லுங்கள். அண்ணனுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோ காலில் வரும்போது போனை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், அவளே பேசிக்கொள்வாள். புரோக்கர் நம்பரை மட்டும் இன்றைக்கே பிளாக் செய்யுங்கள்.