முதல் செப்டம்பருக்கு எல்க் லைசென்ஸ்: குலுக்கலா, கடையா?

கேள்வி: டெக்சாஸில் இரண்டு வருடம் காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) பழகி, அங்கே மான் வேட்டைக்கும் போயிருக்கிறேன். போன நவம்பர் 15 அன்று வேலை மாறி கொலராடோ மாநிலத்தின் டென்வருக்குக் குடிவந்தேன். வரும் செப்டம்பரில் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போக ஆசை. ஏப்ரல் லைசென்ஸ் குலுக்கலை விட்டால் போச்சு என்கிறார் ஒரு நண்பர். பாயின்ட் (குலுக்கலில் வருடத்துக்கு ஒன்றாகச் சேரும் முன்னுரிமைப் புள்ளி) சேர்க்காமல் எதுவும் கிடைக்காது என்கிறார் இன்னொருவர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நண்பர்கள் சொல்வது இருக்கட்டும், முதலில் காலண்டரை எடுங்கள்.

கொலராடோவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் வேட்டை லைசென்ஸுக்கு நீங்கள் ரெசிடென்ட், அதாவது மாநிலவாசி. உங்களுக்கு அந்தக் கணக்கு மே 15 அன்றுதான் முடிகிறது. முதன்மைக் குலுக்கலுக்குக் கடைசி நாளோ ஏப்ரல் முதல் செவ்வாய். "டிரைவிங் லைசென்ஸை மாற்றியாச்சே, போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. விண்ணப்பிக்கும் நாளில் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். பொய்யாக ரெசிடென்ட் என்று குறித்து மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு வேட்டை உரிமையும் போகலாம்.

நல்லவேளை, உங்கள் ஆசைக்கு ஏப்ரல் தேவையே இல்லை. ரெசிடென்ட்டாக இருந்தால், பல யூனிட்டுகளுக்கு (வேட்டைப் பகுதிகளுக்கு) வில் வேட்டை எல்க் லைசென்ஸைக் குலுக்கல் இல்லாமல் நேரடியாகவே வாங்கலாம். விற்பனை ஆகஸ்ட் தொடக்கத்தில். வெளிமாநிலத்தவருக்கு 2025 முதல் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது, ஆக உங்கள் ஆறு மாதத்துக்கு நல்ல மதிப்பு. சீசன் செப்டம்பர் 2 முதல் 30 வரை. ஆண் எல்க் குரல் கொடுத்துத் திரியும் மாதம். எந்தெந்த யூனிட் என்பதை அந்த வருடக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மியூல் மான் மட்டும் வேறு கதை: அதற்கு எல்லா லைசென்ஸும் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டவை. ஜூனில் விண்ணப்பம் வாங்கும் இரண்டாம் குலுக்கலுக்குள் நீங்கள் ரெசிடென்ட் ஆகிவிடுவீர்கள், அதில் பாயின்ட்டும் பார்ப்பதில்லை. போட்டுப் பாருங்கள்.

பாயின்ட் விளையாட்டை அடுத்த ஏப்ரலில் தொடங்கலாம். விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் கொடுக்கலாம். முதல் விருப்பம் கிடைத்தால்தான் சேர்த்த பாயின்ட் கரையும். ஆகவே முதல் விருப்பத்தில் 'பாயின்ட் மட்டும்' என்ற குறியீட்டைப் போடுங்கள் (எல்க்கிற்கு E-P-999-99-P). இரண்டாவதில் எளிதாகக் கிடைக்கும் யூனிட். இரண்டாவது விழுந்தால் வேட்டையும் உண்டு, பாயின்ட்டும் ஏறும். ஆனால் வடமேற்கு மூலையில் உள்ள 2, 10, 201 யூனிட்டுகளைக் கனவு காணாதீர்கள். அங்கே இருபது பாயின்ட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த இருபது செப்டம்பரையும் காட்டில் கழிப்பவனுக்குத்தான் வேட்டை வரும் என்பது என் கட்சி.

டெக்சாஸ் பழக்கத்தில் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே வில் சீசனில் கிராஸ்போ (துப்பாக்கி போல விசையழுத்தி எய்யும் வில்) செல்லும், இங்கே செல்லாது. குறிபார்க்க உதவும் பேட்டரிக் கருவி எதுவும் வில்லில் இருக்கக் கூடாது. சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) குட்டி விளக்கு இருந்தால் ஜூலையிலேயே கழற்றிவிட்டு, அது இல்லாமல் மங்கல் வெளிச்சத்தில் பழகுங்கள். இழுவிசை குறைந்தது 35 பவுண்ட், அம்புமுனையின் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம். டெக்சாஸில் வாங்கிய வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இங்கும் செல்லும். 1949-க்கு முன் பிறந்தவர்களுக்கு அது தேவையில்லை.

அப்புறம் இறைச்சி. வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோ இருக்கும், செப்டம்பர் மதியமோ சூடு. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் கால்களைத் தனித்தனியாக வெட்டி, துணிப்பையில் போட்டு, நிழலில் கட்டித் தொங்கவிட்டு, நாலைந்து நடையாகத் தோளில் சுமக்க வேண்டும். தனி ஆளாகப் போகிறீர்கள் என்றால் வண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அம்பு விடாதீர்கள். வண்டியில் இரண்டு பெரிய ஐஸ் பெட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.