பங்களாச் சாமானும் மாமியார் கோபமும்

கேள்வி: அக்கா, எனக்குத் திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். போன மாதம் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கிருந்து ஒரு பிரம்பு நாற்காலி, கால்மிதி தையல் மெஷின், பித்தளை அண்டா மூன்றையும் 2,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வீட்டில் ஒரே சண்டை. "யாரோ செத்தவங்க சாமான், உள்ளே வேண்டாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். கணவரோ "காயலான் கடை வைக்கப் போறியா?" என்கிறார். மூன்றும் இப்போது விறகுக் கொட்டகையில் கிடக்கின்றன. பழைய சாமான்கள் மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. இவற்றைச் சரிசெய்து உபயோகிக்க முடியுமா, இல்லை கிடைத்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தள்ளிவிடாதீர்கள். ஆனால் முதல் வேலையாக அந்த நாற்காலியை விறகுக் கொட்டகையிலிருந்து வெளியே எடுங்கள். விறகில் மரம் துளைக்கும் வண்டு இருக்கும். அது நாற்காலிக்கு மாற அதிக நாள் ஆகாது. நாற்காலியிலேயே ஏற்கெனவே இருந்தால் வீட்டுக்குள் வரும், அதுவும் ஆபத்துதான். அதனால் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வைத்து, நான்கு காலுக்கும் கீழே கறுப்புத் தாள் விரியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் மாவு மாதிரி புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே உயிருள்ள பூச்சி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் வண்டு மருந்து கேட்டு வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் ஊசியால் ஏற்றுங்கள். மாவு விழவில்லை என்றால் அவை பெரும்பாலும் பழைய துளைகள். பயப்பட வேண்டாம்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அவருடைய வாழ்க்கை கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று அவர் நினைக்கிறார். அதே காரணத்துக்காகத்தான் நீங்கள் அதை வாங்கினீர்கள். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறீர்கள். அவருக்குப் பயமாக இருக்கிறது, உங்களுக்கு ஆசையாக இருக்கிறது. அந்த அண்டாவைத் துலக்கி, விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாமியார் சமையலறையிலும் அவருடைய அம்மா பெயரோ பாட்டி பெயரோ வெட்டிய ஒரு குடமோ தவலையோ இருக்கும். இறந்தவர்கள் பாத்திரத்தில்தான் நாம் எல்லோரும் சோறு பொங்கியிருக்கிறோம். இதை வாதமாக வைக்காதீர்கள். அண்டாவை அவர் முன்னால் உட்கார்ந்து புளி போட்டுத் தேயுங்கள், போதும்.

நானும் இந்த மலையில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லைன் வீட்டில் பிறந்தவள்தான். தேயிலை ஏற்றிப் போகும் ஒட்டுப்பலகைப் பெட்டி உடைந்தால் அம்மா விடமாட்டார். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, பழைய சேலையில் திரை தைத்துத் தொங்கவிட்டால் எங்களுக்கு அதுதான் அலமாரி. பேரீச்சம்பழக்காரர் வந்தால், இரும்புச் சாமானில் இனி எதற்குமே ஆகாதது மட்டும்தான் அவருடைய சாக்குக்குள் போகும். இன்று நகரத்துக் கடைகளில் 'வின்டேஜ்' என்று விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இது நம் வீடுகளுக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை என்று சொல்லத் தோன்றும்.

இப்போது நாற்காலி. ஆசாரியிடம் கொடுத்தால் பெரும்பாலும் உப்புத்தாளை எடுத்து முழுக்கத் தேய்த்து, பளபளவென்று புது வார்னிஷ் அடித்துத் தருவார். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்தக் காலத்து நல்ல நாற்காலிகளில் பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான் இருக்கும். புரசு, இலந்தை மாதிரி மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை ஸ்பிரிட்டில், அதாவது பாலிஷ் போடப் பயன்படும் எரிசாராயத்தில், கரைத்துப் பூசுவார்கள். இருக்கைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குதான். அப்படியென்றால் சுரண்டவே வேண்டாம். பழைய அரக்கு புது அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும். வார்னிஷுக்கு அந்தக் குணம் கிடையாது.

முதலில் ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். கால் லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 40 கிராம் அரக்குத் தகட்டைப் போட்டு, கண்ணாடி பாட்டிலில் ஒரு நாள் ஊறவிடுங்கள். அவ்வப்போது குலுக்கிக் கொடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து உருண்டையாகக் கட்டி, அதை அரக்கில் தொட்டு மரத்தின் ரேகை ஓடும் திசையில் மெல்லிதாக இழுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, இப்படி நாலைந்து போதும். மூன்றாவது பூச்சில் மரத்துக்குள்ளிருந்து ஒரு நிறம் மேலே எழும்பி வரும். ஈட்டி மரமாக இருந்தால் கருஞ்சிவப்பில் கோடு கோடாகத் தெரியும். அதை முதல்முறை பார்க்கும்போது யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: மூடுபனி இருக்கும் நாளில் அரக்கைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் பூசினால் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். தை பிறந்த பிறகு வெயில் விழும் நாட்களில், பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் காயட்டும் என்று கணப்புக்குப் பக்கத்திலும் நாற்காலியை வைக்காதீர்கள். ஒரு ஆடி மாதத்தில் நான் அப்படி வைத்தேன். மழை ஈரத்தில் ஊதியிருந்த மரம் சூட்டில் ஒரேயடியாகச் சுருங்கி, கைப்பிடி இணைப்பு விரிந்து, முதுகுச் சட்டம் நீளவாக்கில் வெடித்துவிட்டது. பாட்டி உட்கார்ந்த நாற்காலி அது. இன்றும் வருத்தம் தீரவில்லை.

யாராவது அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தால் கதை வேறு. வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைக் காய்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசி உங்கள் நெஞ்சுக்குள் போகும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம். நனைத்து, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்துத்தான் சுரண்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் பெயின்டோடு அப்படியே விட்டுவிடுங்கள்.

பிரம்பு இருக்கை அறுந்திருக்கிறதா, வெறுமனே தொய்ந்திருக்கிறதா? எழுதவில்லை நீங்கள். தொய்வு மட்டும்தான் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டுவிட்டு, நிழலில் காயவிடுங்கள். காயக் காயப் பிரம்பு இறுகும். அறுந்திருந்தால் பின்னத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பார்வையற்றோர் பலர் காலம்காலமாகச் செய்துவரும் தொழில் இது. விரல் நுனியாலேயே கண்ணி பிசகாமல் பின்னுவார்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.

தையல் மெஷின் சுற்றவில்லை என்று கலங்காதீர்கள். பெரும்பாலான மெஷின்களில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், அவ்வளவுதான். அசையும் இரும்புப் பாகங்களில் மட்டும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இளகியதும் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நம் வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் அது பாட்டிலில் கட்டியாகத்தான் இருக்கிறது, மெஷினுக்குள்ளும் அப்படித்தான் ஆகும். கறுப்பு உடம்பில் தங்கநிறப் பூவேலை இருந்தால் அங்கே ஸ்பிரிட் படவே கூடாது. அந்தக் காலத்து மெஷின்களில் பூவேலைக்கு மேலும் அரக்குப் பூச்சுதான், ஒரு துடைப்பில் பூ போய்விடும். சிங்கர் மெஷினாக இருந்தால் அடிப்பலகைக்கு மேலே எழுத்தோடு தொடங்கும் ஒரு எண் இருக்கும். அதை வைத்து எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885 முதல் 1980 வரை நடந்த ஆலையில் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

அண்டாவில் தண்ணீரோ செடியோ வைக்கப்போகிறீர்கள் என்றால் துலக்கினால் போதும். சமைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லையென்றால் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறும். பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காரீயம் விஷம்.

உங்கள் கணவர் கேட்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மூன்று சாமான் ஒரே நாளில் வந்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நாற்காலியை முடித்து, வீட்டில் யாராவது தினமும் அதில் உட்காரத் தொடங்கிய பிறகு மெஷினைத் தொடுங்கள். அதுவரை வேறு எதையும் வாங்காதீர்கள். ஆரம்பிக்காத வேலை கொட்டகையில் சேரச் சேர ஆசையே கசந்துபோகும்.

இடையில் கை சும்மா இருக்க முடியவில்லை என்றால், காசு செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் போடாத பழைய ஸ்வெட்டர் இருக்கும். அதன் பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தனித்தனியாகப் பின்னி நூலால் இணைத்திருந்தால் பிரிக்கலாம். வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிக் கண்ணியாகக் கட்டி, நனைத்து, கீழே சின்னப் பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரிக்க, ஒருவர் சுற்ற. உங்கள் மாமியாருக்குப் பின்னத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் அந்த நூலில் முதல் குல்லா யாருக்கு என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
அக்கா