வளைவில் தெரிந்த எஞ்சின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் மலை நாவலை இந்த மழைக்கு நான்காவது தடவையாகப் படித்தேன். எனக்கு அதைவிடப் பிடித்த நாவல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்துக் கோபப்படக் கூடாது.

1970இல் குறிஞ்சி பூத்தபோது மகள் பிறந்ததாக மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. 1994இல் குறிஞ்சி பூக்கும்போது அவளுக்குக் கல்யாணம். அன்று அவளுக்கு ‘இருபத்திரண்டு முடிந்திருந்தது’ என்கிறீர்கள். என் கணக்கில் இருபத்து நான்கு. பெண் பார்க்க வந்தவர்களிடம் இரண்டு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார்களோ என்றுகூட யோசித்தேன். அப்படியா?

இன்னொன்று. அம்மா புதுப்பெண்ணாக மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் வரும்போது, வளைவில் முன்னால் போகும் எஞ்சினைப் பார்க்கிறாள். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அதே பயணத்தை நினைத்துக்கொள்ளும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்புறம், ஆரம்பத்தில் கறுப்பாக இருந்த நாய் முடிவில் செம்பட்டையாக இருக்கிறதே?

முதல் மூன்று தடவை இதில் ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது மட்டும் ஏன் பட்டது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள டீச்சர்,

கோபம் இல்லை, வெட்கம்தான். புத்தகம் வந்து இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணின் வயதை யாரும் கழித்துப் பார்த்துச் சொன்னதில்லை. நானும் பார்க்கவில்லை.

வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள் என்ற உங்கள் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் குடும்பம் செய்யக்கூடியதுதான். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். குறிஞ்சி எல்லாச் சரிவிலும் ஒரே வருடம் பூப்பதில்லை என்று இன்னொரு சாக்கும் கையில் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. முதல் பிரதியில் குறிஞ்சியே கிடையாது. அவள் 1972இல் பூவும் விசேஷமும் இல்லாத ஒரு நாளில் பிறந்தாள், 1994இல் கல்யாணம், வயது இருபத்திரண்டு. கணக்கு சுத்தம். 2006இல் மலைச்சரிவு நீலமாகிக் கிடந்ததை நேரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் எண்ணினேன். 1994, 1982, 1970. கல்யாண வருடம் தானாகவே பூ வருடமாக அமைந்திருக்கிறது! பிறப்பை இரண்டே இரண்டு வருடம் முன்னால் தள்ளினால் போதும், அவள் ஆயுளே பூக் கணக்கில் ஓடும். அன்று ராத்திரியே தள்ளிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில், இருநூறு பக்கம் தாண்டி உட்கார்ந்திருந்த ‘இருபத்திரண்டு’ ஞாபகத்துக்கு வரவில்லை. வாசகர்கள் எனக்கு அதிகம் எழுதியது அந்தக் குறிஞ்சிப் பகுதியைப் பற்றித்தான். பிழையும் அதே இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

இந்த மாதிரிப் பிழைகள் பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் இருக்கும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸின் ‘டான் குவிக்ஸோட்’ நாவல் 1605இல் முதலில் அச்சானபோது, நாயகனின் உதவியாள் சான்சோவின் கழுதை திருடு போன காட்சியே அதில் இல்லை. திடீரென்று கழுதை போய்விட்டது என்று புலம்புகிறான், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கழுதை இருக்கிறது. ஒரு பகுதியை எங்கோ வெட்டி எங்கோ ஒட்டியதன் விளைவு என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதைப் பற்றிச் சான்சோவிடமே கேட்கிறார்கள். எழுதினவர் தப்பு செய்திருக்கணும், இல்லாவிட்டால் அச்சுக்காரரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறான். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. எங்கள் அச்சகம் பாவம்.

ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் கதை தெரியுமா? 1887இல் வந்த முதல் நாவலில் அவருக்குத் தோளில் பட்ட குண்டுக் காயம், 1890இல் வந்த இரண்டாவதில் காலுக்கு இறங்கிவிட்டது. கோனன் டாயில் மறந்துபோனார், அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. ஒரே குண்டு இரண்டு இடத்தில் பட்டது, இல்லை, இரண்டு குண்டு என்று இன்றுவரை காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இரண்டு வயதைக் குறைத்தது அந்த ஜாதிதான். பிடித்த ஆளை விட்டுக்கொடுக்காத ஜாதி.

நான்காவது தடவை ஏன் கண்ணில் பட்டது என்கிறீர்கள். முதலில் படிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறதோ என்ற பதைப்பு இருக்கும். அவளைத்தான் பார்ப்போம். என்ன ஆகும் என்று தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் தெரியும். பழகின வீட்டில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி ஓடுவதை விருந்தாளியா கவனிப்பார்? எழுதினவனுக்கு இது எத்தனை தடவை படித்தாலும் வாய்ப்பதில்லை, காரணம் வேறு. என் தலையில் 1970இல் பிறந்தவளும் 1972இல் பிறந்தவளும் இன்னும் சேர்ந்தே இருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் யார் வந்தாலும் எனக்கு உறுத்தாது. மெய்ப்புப் பார்த்தவர் நூறு இடத்தில் ஒற்றுப் போட்டார், வயதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மேல்நாட்டுப் பதிப்பகங்களில் பிரதியைச் செப்பனிடுபவர் பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் தனித்தாளில் குறித்துக்கொண்டே வருவார். நமக்கு அந்த வேலையை டீச்சர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி.

இனி எஞ்சின். இதில்தான் எனக்குக் கூடுதல் அவமானம். குன்னூரில் குடியிருந்துகொண்டு பஸ்ஸிலேயே இறங்கி பஸ்ஸிலேயே ஏறுகிற ஆள் நான். ஏழாம் அத்தியாயத்தை மற்ற ரயில்களின் ஞாபகத்தில் எழுதினேன். பிற்பாடு ஒருநாள் மேட்டுப்பாளையத்தில் காலை வண்டியைப் பிடித்து ஏறி வந்தேன். ஏறக்குறையப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். பெட்டி எதுவும் கழன்று பள்ளத்தில் உருண்டுவிடக் கூடாது என்று எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டே வருகிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவில் போகும் பல்தண்டில் அதன் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும் சத்தம் முதுகுப் பக்கமிருந்துதான் கேட்கிறது. வந்த கையோடு இருபத்திரண்டாம் அத்தியாயத்தை எழுதினேன், ஏழுக்குத் திரும்பிப் போகவில்லை.

வயதை மாற்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த பதிப்பில் இருபத்து நான்கு. எஞ்சினை அப்படி நகர்த்த முடியாது என்றுதான் முதலில் அலுத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி அந்தப் பாராவைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். முன்னால் பார்த்தால் பெட்டி முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனும் பாறையும்தான். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் அம்மா ஜன்னலில் திரும்பி உட்கார வேண்டும். திரும்பினால் எஞ்சினுக்குக் கீழே மேட்டுப்பாளையம், அதற்கும் அப்பால் வெயிலில் அவள் பிறந்த சமவெளி. கல்யாணமாகி இரண்டு நாள் ஆன பெண் அந்தப் பக்கம்தானே பார்த்திருப்பாள்? இவ்வளவு காலம் அவளைத் தப்பான திசையில் உட்கார வைத்திருக்கிறேன். பாரா முடிந்ததும் அனுப்புகிறேன், பென்சிலோடு படியுங்கள்.

நாய் விஷயத்தை மறந்தேவிட்டேன். அது பிழை இல்லை. பக்கம் 141இல் கறுப்பு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகிறது, ஒரே வரிதான். செம்பட்டை அதற்கப்புறம் வந்தது. இதற்கு மட்டும் எனக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.